ஃபாக்ஸ்ட்ராட் யாருக்கு?

விவேக் நகர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. காதலியைப் பறிகொடுத்தவனின் குரல்.

"என்னோட நீர்மூழ்கிக்குள்ள நீ எப்படிடா போகலாம்?"

திரும்பினேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கும் இரண்டு பேர். கேட்டவர் குமார், மற்றவர் சேவியர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"உன்னோடதா? அது நேவியோடது மச்சா. விசாகப்பட்டினம் பீச்ல மியூசியமா நிக்குது. டிக்கெட் எடுத்தா யாரு வேணா உள்ள போலாம்."

"ஸ்கூல்லயே நீர்மூழ்கிங்கள பிரிச்சுக்கிட்டோம்ல சேவியர்? ரஷ்யாக்காரன் செஞ்ச ஃபாக்ஸ்ட்ராட் எனக்கு. வேர்ல்டு வார்ல ஜெர்மன்காரன் ஓட்டுன டைப் செவன் உனக்கு."

"டைப் செவன் பாக்கணும்னா ஜெர்மனிக்குப் போகணும். விசா நீ வாங்கித் தர்றியா குமாரு?"

"அப்ப இப்ப புதுசா வந்த கல்வரி கிளாஸ எடுத்துக்க. ஃபாக்ஸ்ட்ராட்ட விட்டுடு."

"நேவி இப்பவும் ஓட்டுற கல்வரிக்குள்ள நம்மள யாருடா விடுவா?"

கண்டக்டர் "முந்தே ஹோகி" என்று முன்னால் போகச் சொல்லிக் கத்தினார். இருவரும் ஓரடி நகர்ந்தார்கள். குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு குரல் இறங்கிவிட்டது.

"ஒரு ரூம்லேருந்து இன்னொரு ரூமுக்குப் போக வட்டமா ஒரு கதவு இருக்குமே. குனிஞ்சு போனியா?"

"சரியா குனியல. இடிச்சுக்கிட்டேன், பாரு."

சேவியர் முடியை ஒதுக்கிக் காட்டினார். நெற்றியில் வீக்கம். குமார் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒன்றுமே இல்லாத தன் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"இது எனக்குப் பட்டிருக்க வேண்டிய அடிடா."