தீவின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி

ஒரு வீட்டுக் கணினியைச் சோதித்து முடிக்க நாற்பது நிமிடம் போதும். வீட்டுக்காரர் தேநீர் போட்டுக்கொடுத்துப் பேச ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். எங்கள் தீவில் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம்தான்.

டிடெக்டிவ் பிரீஸ், நீங்கள் கேட்டபடி லினெட்டின் கணினியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன். அதில் உள்ளவை எல்லாம் சரி. ஃபயர்வால் இயங்கிக்கொண்டிருந்தது. வெளியாள் நுழைய எந்த வழியும் இல்லை. நீங்கள் நன்றி சொல்லிக் கைகுலுக்கினீர்கள். விமான நிலையத்துக்கு நான்தான் உங்களைக் கொண்டுபோய் விட்டேன். வழியில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்கு நான் சொன்ன பதில் சரியில்லை. அதைத் திருத்த இதை எழுதுகிறேன்.

என் பெயர் லெஸ் ஹார்வுட். வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் மின்கம்பி வேலை பார்த்தேன். கடைசிப் பத்தொன்பது வருடம் இந்தத் தீவில். மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் புதன்கிழமைக் கணினிக் குழுவை நடத்திவந்தேன். பன்னிரண்டு பேர். எல்லோரும் என் வயதுதான்.

எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. யாரும் தன் கணினியைத் தானே சோதித்துச் சரி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொருவர் தன் வீட்டிலிருந்து, இணையம் வழியாக, வந்து தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கணினிக்கு இணையத்தின் பக்கம் அறுபத்தையாயிரம் வாசல்களுக்கு மேல் உண்டு. தட்டினால் சில திறக்கும். சில மூடியிருப்பதாகப் பதில் சொல்லும். பதிலே வராமல் இருப்பதுதான் நல்லது. அங்கே ஒரு வீடு இருப்பதே தட்டுகிறவனுக்குத் தெரியக் கூடாது. சோதித்தவர் ஓர் அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். அதைக் கணினியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வார்கள்.

லினெட் மார்ச் மாதம் தீவுக்கு வந்தாள். பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை. வடக்குச் சாலையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். என் வீட்டிலிருந்து காரில் நான்கு நிமிடம். ஒரு புதன்கிழமை, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தாள். இடது மணிக்கட்டு சரியாகத் திரும்பவில்லை. புத்தகங்களை வலது கையாலேயே அணைத்துப் பிடித்திருந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும், லெஸ். நான் எங்க இருக்கேன்னு அவனால பார்க்க முடியுமா?"

அவன் என்றால் டாரில், அவள் கணவன். அவனை விட்டு ஓடி வந்திருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை ஓடியிருக்கிறாள். இரண்டு முறையும் கண்டுபிடித்துவிட்டான். முதல் முறை மணிக்கட்டு. இரண்டாம் முறை தாடை. இரண்டு முறையும் அவன் முன்கூட்டிக் கடிதம் போடவில்லை, போன் செய்யவில்லை. நேராக வந்து நின்றான். மூன்றாம் முறை கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறான். சொன்னால் செய்வான் என்றாள். இதையெல்லாம் அவள் என்னிடம் முதல் நாளே சொன்னாள். எனக்குத் தெரியாது என்று நான் பின்னால் சொல்ல முடியாதபடி தெளிவாகச் சொன்னாள்.

டாரில் இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தான். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மேலே கல்யாணப் படம். கீழே, அவளைக் காணாமல் தூங்க முடியவில்லை என்று எழுதியிருந்தான். அதற்கும் கீழே ஓர் உலக வரைபடம். அந்தப் பக்கத்தை யார் திறந்தாலும் அவர்கள் இருக்கும் ஊரின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி விழும். 'எங்களோடு சேர்ந்து தேடுபவர்கள்' என்று அதற்குத் தலைப்பு. ஊர் இரக்கப்படுகிறது என்று காட்ட வைத்ததாகப் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். நான் பார்த்தவுடன் புரிந்துகொண்டேன். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறான் என்று அவள் என்றாவது ஒரு நாள் திறந்து பார்ப்பாள் என்று அவன் காத்திருந்தான்.

அவள் கணினியில் ஒரு முகமூடி போட்டுக்கொடுத்தேன். எங்கள் குழுவில் அதற்கு அப்படித்தான் பெயர். அதைப் போட்டுக்கொண்டு போனால், போகிற இடத்தில் வேறொரு ஊரிலிருந்து வந்ததாகத் தெரியும். அவள் முன்னாலேயே டாரிலின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். புள்ளி நார்வேயில் விழுந்தது.

"நார்வேயா?" என்றாள். அதற்கு முன் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. "குளிருக்குக் கோட்டு வாங்கணுமே."

அதோடு வேலை முடிந்தது. நாற்பது நிமிடம். ஆனால் நான் ஒன்பது வியாழக்கிழமை போனேன்.

எதையும் ஒரே தடவையில் முடிப்பது எனக்குப் பழக்கமில்லை. ஒரு வாரம் ரௌட்டரின் கடவுச்சொல். ஒரு வாரம் கைபேசி. ஒரு வாரம், அவள் எடுக்கும் படங்களில் இடக்குறிப்பு பதிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் தேவையான வேலைகள். கடைக்காரி பெவ் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"என்ன லெஸ், வியாழக்கிழமை ஆனா முகம் பளபளங்குது? ஷேவ் பண்ணாதவன் தொட்டா கம்ப்யூட்டர் ஓடாதா?"

"தாடியில வைரஸ் தங்கிடும், பெவ்."

"தங்கட்டுமே. ஆறு வருஷமா ஈகூடத் தங்கலையே அதுல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஐந்தாவது வாரம், கிளம்புவதற்கு முன் ஒரு வாசலை நானே திறந்து வைத்துவிட்டு வந்தேன். டாரிலுக்குப் பயன்படக்கூடியது அல்ல. அச்சுப்பொறிக்கான வாசல். அடுத்த வாரம் அதைக் கண்டுபிடித்தேன். அவளிடம் சொன்னபோது முகம் வெளுத்தது. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மூடி முடிக்கும்வரை விடவில்லை. இருபது நிமிடம் இருக்கும்.

ஏழாவது வாரத்திலிருந்து அவள் மாறினாள். தொழிற்சாலைப் பெண்களோடு நீச்சலுக்குப் போகிறேன் என்றாள். முன்பு நான் வேலை செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இப்போது தோட்டத்தில் துணி உலர்த்தினாள். பாட்டு முணுமுணுப்பது கேட்டது. ஒன்பதாவது வாரம், நான் கோட்டைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இதுதான் கடைசி, லெஸ். உங்க வியாழக்கிழமையை உங்களுக்கே திருப்பிக் கொடுக்கிறேன். எவ்வளவு நாளைக்குத்தான் உங்களைப் போட்டுப் படுத்துறது?"

எனக்கு இதில் சிரமம் இல்லை என்றேன்.

"தெரியும். அதனாலதான் நானே சொல்றேன். இப்பல்லாம் நான் நல்லாத் தூங்குறேன். கதவைப் பூட்டினோமான்னு எழுந்து பார்க்கிறதுகூட இல்ல."

பிறகு எனக்குக் கொடுத்தனுப்பக் கேக் எடுக்கச் சமையலறைக்குப் போனாள்.

இங்கே என் பழைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை என்று கருவி காட்டினால், உடனே கை வைக்கக் கூடாது. கருவி கெட்டுப்போயிருக்கலாம். மின்சாரம் நிச்சயமாக இருக்கும் இடத்தில் அதை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே விளக்கு எரிந்தால்தான் கருவி சொன்னதை நம்பலாம். இந்த விதியை மீறிய இரண்டு பேரை நான் அடக்கம் செய்திருக்கிறேன். ஒன்பது வாரமாக லினெட்டின் புள்ளி நார்வேயில் விழுந்தது, ஜெர்மனியில் விழுந்தது, பெர்த்தில் விழுந்தது. அந்த வரைபடம் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. முகமூடி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று தெரிந்தால்தான், முகமூடி காப்பாற்றுகிறது என்று சொல்ல முடியும். சோதனை என்றால் அதுதான்.

அதனால் முகமூடியைக் கழற்றிவிட்டு டாரிலின் பக்கத்தைத் திறந்தேன்.

இதை என் வீட்டுக் கணினியில் செய்திருக்கலாம். தீவில் எந்த வீடானாலும் புள்ளி அதே இடத்தில்தான் விழும். அவள் கணினியைச் சோதிக்க அவள் கணினிதான் வேண்டும் என்று அப்போது தோன்றியது.

புள்ளி எங்கள் தீவின் மேல் விழுந்தது. நீரிணையின் நடுவில், சுற்றிலும் வேறு எதுவும் இல்லாமல். கருவி சரியாக இருந்தது. மறுபடி முகமூடியைப் போட்டேன். அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். லினெட் கேக்கை ஒரு துணியில் சுற்றி எடுத்துவந்தாள்.

"எல்லாம் பத்திரம்தானே?" என்றாள்.

"பத்திரம்," என்றேன்.

அவளிடம் சொல்லியிருந்தால் அவள் கிளம்பியிருக்கலாம். வெள்ளிக்கிழமை விமானம் இருந்தது. திங்கட்கிழமையும் இருந்தது. நான் சொல்லவில்லை. டாரில் முதலில் ஏதாவது எழுதுவான், அவளுக்கு ஒரு செய்தி வரும், அவள் பயந்து கூப்பிடுவாள், நான் போய்ச் சரிசெய்வேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவன் முன்கூட்டி எழுதுகிறவன் அல்ல என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தாள் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமை வீட்டிலேயே இருந்தேன். ஷேவ் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, டாரில் காலை விமானத்தில் வந்து இறங்கினான். வாடகைக் கார் எடுத்துக்கொண்டு நேராகப் பெவ்வின் கடைக்குப் போனான். கல்யாணப் படத்தைக் காட்டி, மனைவிக்குச் சொல்லாமல் வந்திருப்பதாகவும், பார்த்தால் ஆச்சரியப்படுவாள் என்றும் சொன்னான். எங்கள் தீவில் ஒருவர் வீட்டைத் தேடி யார் வந்தாலும் வழி சொல்வோம். நேரம் இருந்தால் கூடவே போய் விட்டுவிட்டு வருவோம். பெவ் ஒரு காகிதப் பையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் வடக்குச் சாலையை வரைந்துகொடுத்தாள். கடற்பாசிக் கொட்டகையைத் தாண்டி இரண்டாவது வீடு என்று குறித்தாள். லினெட் யாரிடமிருந்து ஒளிந்திருக்கிறாள் என்பது தீவில் எனக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாள். நானும் சொல்லவில்லை.

லினெட்டை அடக்கம் செய்த நாளிலிருந்து பெவ் கடை திறப்பதில்லை. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். சமையலறையில் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கையாலதான் வரைஞ்சேன், லெஸ். கோணலா இருக்கேன்னு ரெண்டாம் தடவை வேற வரைஞ்சேன்."

யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று சொன்னேன். அவளுக்குத் தேநீர் போட்டுக்கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, நீயும் பாவம், அவள்மேல் எவ்வளவு அக்கறை வைத்திருந்தாய் என்றாள். நான் மறுக்கவில்லை. பேச அசதியாக இருந்தது. சில நாட்களாக எல்லாவற்றுக்கும் அசதியாக இருக்கிறது.

இனி நீங்கள் காரில் கேட்டது. டாரிலின் வழக்கறிஞர், லினெட்டே தன் கணினியிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறாள், அவளாகவே அவனை அழைத்திருக்கிறாள் என்று வாதாடப்போவதாகச் சொன்னீர்கள்.

"அது ஒண்ணுதான் எனக்குப் புரியல. அவ்வளவு ஜாக்கிரதையா இருந்தவங்க, அன்னிக்கு மட்டும் ஏன் போய்ப் பார்த்தாங்க?" என்றீர்கள்.

பயந்தவர்கள் சில சமயம் அப்படிச் செய்வார்கள் என்று நான் பதில் சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அதைக் குறித்துவைத்திருந்தால் அடித்துவிடுங்கள். அவள் பார்க்கவில்லை. அவள் அடுத்த அறையில் கேக்கைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பார்த்தது நான்.

இன்னொன்றும் இருக்கிறது. வாடகைக் கார் வாசலில் நின்றதைப் பார்த்ததும் அவள் முதலில் காவல்துறையை அழைத்தாள். எங்கள் தீவுக்கு ஒரே ஒரு கான்ஸ்டபிள். அன்று அவர் தெற்கு முனையில் இருந்தார். வர ஐம்பது நிமிடம் ஆகும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாற்பத்தொன்றுக்கு எனக்குப் போன் செய்தாள். நான் என் வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் இருந்ததால் கேட்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன்.

நான் சமையலறை மேசையில் இருந்தேன். போன் எனக்கு முன்னால் இருந்தது. திரையில் அவள் பெயர் தெரிந்தது. பன்னிரண்டு நாளாக அந்தப் பெயருக்காகத்தான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே எடுத்தால் காத்திருந்ததுபோல் இருக்கும் என்று தோன்றியது. கடைசி மணிவரை அடிக்கவிட்டேன். பிறகு எழுந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, கார்ச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் இரண்டாம் முறை அழைப்பதற்காக உட்கார்ந்திருந்தேன்.