எங்கும் அச்சாகாத அரைப்பக்கம்

மத்திகிரியிலிருந்து ஓசூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன்சீட்டில் கம்பெனி அடையாள அட்டையோடு இருவர். இளையவர் பிளாஸ்டிக் உறையில் ஒரு பழுப்பேறிய தாளை வைத்திருந்தார்.

“இதுல பேயே வரலண்ணா. ஆனா அவரு எழுதுனதுலயே இதுதான் பயமா இருக்குது.”

“எவருடா?”

“நான் சொல்லுவனே, பேய்க்கதை எழுத்தாளரு. அவரு புக்கு அத்தனையும் சேத்து வெச்சிருக்கறேன். இது மட்டும் அச்சுல வந்ததே இல்ல. முன்ன நம்ம கம்பெனியில சேஃப்டி ஆபீசரா இருந்தப்ப எழுதுன ஆக்சிடென்ட் ரிப்போர்ட்டு. பழைய பைல்ல கெடச்சுது.”

“படி, கேக்கலாம்.”

“‘தகடு அழுத்தும் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் நான்கு விரல்கள் போயின. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை. உடனே மாற்றவும்.’ அவ்வளவுதான்.”

மூத்தவர் தாளை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார்.

“ஏழுல இப்ப நான்தான்டா நிக்கறேன். இன்னும் மாத்தல.”