ஏழாவது வட்டம்

மொதல்ல எனக்குக் கெடுதல் பண்ணது இந்தக் கட்டடத்த வரைஞ்ச ஆளுதாம்மா. எப்பவும் ஒரு துணித்தொப்பி போட்டிருப்பாரு, தொப்பிக்காரர்னுதான் நாங்க சொல்லுவோம். என் தோளப் பிடிச்சுக்குங்க. கூச்சம் என்ன கூச்சம், இங்க பிடிக்க வேற என்ன இருக்கு? பைய இப்படிக் குடுங்க.

ஆபீஸா கப்பலான்னுதானே பாக்கறீங்க? ஒரு செவுரு நேரா நிக்காது. பீரோவ ஒட்டி வைக்க முடியாம நடுக்கூடத்துல நிறுத்தியிருக்காங்க. வாசல் தெரியாம போன வாரம் தபால்காரர் ரெண்டு சுத்து சுத்தினாரு. படியே கிடையாது, மாடி வரைக்கும் இந்தச் சரிவுதான். வழுவழுன்னு கல்லு வேற. இதுக்குப் பரிசு குடுத்தாங்களாம். குடுத்தவங்க ஏறல, கீழ நின்னு போட்டோ எடுத்துட்டுப் போய்ட்டாங்க.

நானா? வெல்டர். இதுக்குக் கைப்பிடிக் கம்பி போட்டவனே நான்தான். இன்ஜினியர் சொன்னாரு, போட்டேன். ஒன்பது நாள் வேலை. வயசானவங்க கைய உறுத்தாம ஒவ்வொரு ஜாயின்ட்டையும் தேய்ச்சு வச்சேன். திறப்பு விழாவுக்கு மூணு நாள் இருக்கறப்போ தொப்பிக்காரர் வந்தாரு. பாத்ததும் மூஞ்சி சுருங்கிப்போச்சு. நான் வரைஞ்ச கோட்டயே கெடுத்துட்டியேன்னாரு. கோடாம்! அறுத்துப் போடுன்னாரு. ஐயா, மழை பெஞ்சா வழுக்குமேன்னேன். வரைஞ்சது நீயா நானான்னு கேட்டாரு. இன்ஜினியர் வாயத் தொறக்காம தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. அவரு ரெண்டாவது ஆளு.

மெதுவா, இங்க ஈரம்.

மூணாவது ஆளா? மெஷின வச்சு அறுத்தவன்தான். ஆமா, நானேதான். மாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஓரத்துல வட்டம் வட்டமாத் தெரியுதுல்ல? என் கம்பி நின்ன இடம். கால்ல இடிக்காம தேய்ச்சு வேற குடுத்தேன். நல்லாத் தேய்ச்சிருக்கப்பான்னு தொப்பிக்காரர் முதுகுல தட்டிட்டுப் போனாரு.

இது ஏழாவது வட்டம். இத மிதிக்காதீங்க, கொஞ்சம் உள்ள தள்ளி வாங்க. என் வீட்டுக்காரி ஏதோ கையெழுத்து வாங்கணும்னு வந்தவ, இங்கதான் விழுந்தா. போன மழைக்கு. கை செவுரத் தேடியிருக்கு. செவுருதான் அந்தப் பக்கம் சாஞ்சு நிக்குதே. உசுரோட ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரல.

தொப்பிக்காரருக்கு ரெண்டு கடுதாசி போட்டேன். நஷ்டஈடு ஒண்ணும் கேக்கல. ஒரு மழை நாள்ல, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு, இதுல ஒரு தடவ ஏறிக் காட்டுங்கன்னு எழுதச் சொன்னேன். இன்னும் வரல. மழை பெய்யற அன்னிக்கெல்லாம் நான் இங்கதான் நிக்கறேன்.

அவ்வளவுதான், மேல வந்தாச்சு. இடதுபக்கம் மூணாவது ஜன்னல். முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க, தனியா எறங்கிடாதீங்க. எறங்கறப்போதான் ரொம்ப வழுக்கும்.