கேட்காமல் மேலெழுது

உட்கார், விஜய். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், சுவரோடு சேர்த்துப் போட்டுக்கொள்.

உன் அம்மாவைப் பற்றித்தானே கேட்க வந்தாய்? கதிர்காமம் ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து, மறதி நோய் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இது எப்போதோ தெரியும்.

எங்கள் அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கி அடித்துக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர்களைக் கவனிப்பவன் நான். அங்கே பத்திரம் திருத்திய உன் அம்மா உட்பட மற்றவர்கள் மவுஸ் கோஷ்டி. பிரின்டர் நின்றால் திரையில் கண்டதையெல்லாம் லொட்டு லொட்டென்று தட்டுவார்கள். பிறகு "கமலக்கண்ணன் சார்" என்று கூவுவார்கள். நான் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு வரிக் கட்டளை அடிப்பேன், ஓடும். என்ன செய்தாய் என்று ஒரு ஜென்மம் கேட்டதில்லை.

உன் அம்மா கேட்டார், எல்லார் முன்னாலும். "என்னா தம்பி, கரண்ட்டு போன ஊட்ல தீப்பெட்டி தேடுறாப்புல தடவிக்கினு இருக்கே?" முதலாளி தணிகாசலம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்று மதியம் உன் அம்மா சாப்பிடப் போனதும், என் மேஜையிலிருந்தே அவருடைய மெஷினுக்கு ஒரு வரி அனுப்பினேன். காலையெல்லாம் திருத்திய பத்திரத்தின் மேல், திருத்தாத பழைய பிரதி போய் உட்கார்ந்தது. மேலெழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்கும். வரியில் ஓர் 'ஒய்' எழுத்தைச் சேர்த்துவிட்டால் கேட்காது. கோப்பின் தேதியும் பழையதாகிவிடும். அவர் தொட்டதற்கே அடையாளம் இராது.

"திருத்தினேனே தம்பி!"

"மறந்திருப்பீங்கக்கா" என்றேன்.

மறுநாள் கீபோர்டில் மேல் அம்புக்குறியைத் தட்டினேன், பழைய வரியே வந்து நின்றது. திரும்ப அடிக்கும் சிரமம்கூட இல்லை. அவருடைய அம்மாவும் எல்லாம் மறந்துதான் செத்தாராம்; ஒருநாள் அழுதுகொண்டே சொன்னார். அதன் பிறகும் தட்டினேன். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது மவுஸ் கோஷ்டியின் பழக்கம்.

தினமும் முதலாளியிடம் திட்டு வாங்கி, கடைசியில் வேலையை விட்ட அன்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தந்தான் தம்பி என்னத் திட்டல" என்றார். அப்போதும் அவருக்குச் சந்தேகப்படத் தெரியவில்லை, பாவம்.

அவர் செய்த திருத்தம் ஒன்றைக்கூட நான் அழிக்கவில்லை. எல்லாம் தனியாகப் பத்திரமாக இருக்கிறது. பேக்கப் எடுக்காமல் எதையும் தொடுகிறவன் நான் இல்லை. வேண்டுமானால் உனக்கு ஒரு பிரதி தருகிறேன்.

அடுப்பை மறந்துவிடுவார் என்று சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றி ஒளித்துவிட்டு, முதலியார்பேட்டை வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு நீ வேலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். இன்றும் பூட்டிவிட்டுத்தானே வந்தாய்? "எனக்கு ஒண்ணுமில்லடா" என்று உள்ளேயிருந்து கதவைத் தட்டியிருப்பாரே.

என்னை ஏன் அப்படிப் பார்க்கிறாய்? நான் மாற்றியது கோப்பைத்தான். சாவி உன் சட்டைப்பையில் இருக்கிறது, விஜய்.