மூன்றாவது பிணைப்பு

கோப்பிக்கு நன்றி, ஐயா. சீனி கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை. என் மனைவி அனுசியா சீனியே போடமாட்டாள். பதினாறு வருஷத்தில் என் நாக்கும் அதற்குப் பழகிவிட்டது.

என் பெயர் பரமேஸ்வரன். பத்து பெரண்டாம் என்கிற ஊரில், தகடு அழுத்தும் தொழிற்சாலையில் இயந்திரப் படம் வரைகிறவன். பதினைந்து வருஷம் பென்சிலில் வரைந்தேன். தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே தனேஷும் வந்தான். இருபத்து நான்கு வயது, பாலிடெக்னிக் படிப்பு. எனக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவன்தான். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். மக்காக இருந்திருந்தால் இன்று நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கம்ப்யூட்டரில் ஓர் இயந்திரத்தைக் கோக்கும்போது ஒவ்வொரு பாகத்தையும் பக்கத்துப் பாகங்களோடு கட்டிப்போட வேண்டும். இயந்திரத்தைச் சுற்றும் கூண்டின் தகடு என்றால் அடிப்பக்கம் மேசையோடு, பின் ஓரம் தூணோடு, முன் ஓரம் முன் தகட்டோடு. மூன்று பிணைப்பு. ஒன்று குறைந்தாலும் திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும், ஆனால் தொட்டால் நகர்ந்துவிடும். "கண்ண நம்பாதீங்கண்ணே, இழுத்துப் பாருங்க," என்று முதல் நாளே சொல்லித் தந்தான்.

தொண்ணூற்றெட்டில் ஆள் குறைப்பு வந்தது. செப்டம்பர் கடைசியில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒருவர்தான் இருப்பார் என்றார். அது யார் என்று அவர் சொல்லவே வேண்டியதில்லை. அனுசியாவுக்கு இரண்டு கிட்னியும் போயிருந்தன. வாரம் மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குக் கம்பெனி தந்த மருத்துவ அட்டைதான் கதி. வேலை போனால் அட்டை போகும். அட்டை போனால் அவள் போவாள். லூபோக் சீனா என்கிற ஊரில் நான் பிறந்த தோட்டத்தையும் அழித்து வீடு கட்டிவிட்டார்கள், திரும்பிப் போகவும் இடமில்லை. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை, ஐயா. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன், அவளுக்குக் கேட்கக் கூடாது என்று.

திங்கட்கிழமை மத்தியானம் தனேஷ் சாப்பிடப் போயிருந்தான். புதிய அழுத்து இயந்திரத்துக்குள் கை போகாமல் தடுக்க அவன் வரைந்த பாதுகாப்புக் கூண்டு திரையில் இருந்தது. இடப்பக்கத் தகட்டின் மூன்றாவது பிணைப்பை அழித்தேன். தகட்டை முப்பத்தைந்து மில்லிமீட்டர் பின்னால் தள்ளினேன். முன் தகட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நுழைகிற சந்து விழுந்தது. சேமித்துவிட்டு என் நாற்காலிக்கு வந்து ரொட்டி தின்றேன்.

திரும்பி வந்தவன், "அண்ணே, வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பணும். ஒருக்கா பாத்துடுங்களேன்," என்றான்.

"பாத்தாச்சு லா. அனுப்பு."

படங்களைச் சரிபார்க்கிற ஆளை ஆகஸ்டிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு கையெழுத்தெல்லாம் கிடையாது, வாய்ச்சொல்தான். அவன் மறுபடி இழுத்துப் பார்க்கவில்லை. படம் சொன்ன இடத்தில் துளை போட்டுக் கூண்டை மாட்டிவிட்டார்கள்.

புதன்கிழமை ஆயுத பூஜை. எங்கள் ஆட்கள் இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். புதிய இயந்திரம் என்றால் கைராசிக்காரர் ஒருவர்தான் முதல் துண்டை அடிக்க வேண்டும். வழக்கமாக அது பெத்தம்மாள் அக்கா வேலை. நான், "இந்தத் தடவ நம்ம மோகனா அடிக்கட்டுமே," என்றேன்.

மோகனா எங்கள் அடுத்த வீட்டுப் பெண். தொழிற்சாலையில் அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான்.

"ஐயோ, நல்ல நாளும் அதுவுமா பீச்சாங்கைக்காரியா?" என்று பெத்தம்மாள் அக்கா முகத்தைச் சுளித்தார்.

"கையில என்னக்கா இடது வலது? கைராசி கைராசிதான்," என்றேன்.

மோகனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்து அந்தக் கைக்காக அடி வாங்கியவள். "தேங்க்ஸ் மாமா," என்று போய் உட்கார்ந்தாள்.

ஐயா, நீங்கள் நிதானமாகக் கேட்கிறீர்கள், நானும் நிதானமாகவே சொல்கிறேன். புதிய அச்சில் முதல் துண்டு ஒட்டிக்கொள்ளும். வலக்கைக்காரர் வலப்பக்கமிருந்து கம்பியால் தட்டிவிடுவார். இடப்பக்கச் சந்து யார் கண்ணிலும் படாமல் பத்து நாள்கூட ஓடியிருக்கும். எனக்கு வெள்ளிக்கிழமைதான் கெடு. ஆகவே இடது கையை நீட்டுகிற ஒருத்தி வேண்டியிருந்தது. அழுத்தியை இறக்கும் மிதியிலிருந்து காலை எடுக்காமலே துண்டை எடுக்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஒரு கீறல் விழும், ஆர்ப்பாட்டம் நடக்கும், படம் யாருடையது என்று கேட்பார்கள் என்றுதான் கணக்குப் போட்டேன். இருபத்தைந்து டன் அழுத்தம் கீறாது என்பது படம் வரைகிறவனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும்.

நான்கு விரல்கள் போயின. என் சட்டையைக் கழற்றிச் சுற்றி, நான்தான் அவளை வேனில் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை தனேஷை அனுப்பினார்கள். "பாத்தாச்சு" என்று நான் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. போகும்போது, "அண்ணிய நல்லா பாத்துக்குங்கண்ணே," என்றான். இப்போது சுங்கை ரம்பாய் ஊரின் பசார் மாலாமில், அதுதான் ராத்திரிச் சந்தையில், கைலி விற்கிறான். அவன் வரைந்த படத்தை யாரும் நம்புவதில்லை.

போன மாதம் அனுசியா போய்விட்டாள். இனி அட்டை தேவையில்லை. அதனால்தான் வந்தேன்.

அவளுடைய எட்டாம் நாள் சடங்குக்கு மோகனா வந்திருந்தாள். வலது கையால் தட்டுத்தடுமாறிச் சாப்பிட்டுக்கொண்டே, "சோத்துக்கை பழகிட்டேன் மாமா. அன்னிக்கு எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தருதான்," என்றாள்.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம். பாவம், மனசு உடைந்துவிடுவாள். அந்தப் பெண்ணுக்கு நல்லது நினைக்க என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?