பலகை மூலையில் காலியாக நின்ற சொல்

ஆம்பூர்க் காலணித் தொழிற்சாலையின் பைனல் செக்கிங் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் உயர்திரு கு. பக்தவச்சலம் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் ஒன்றுகூடி உள்ளம் நிறைந்து வாசிக்கும் மடல்

கண்ணால் பார்த்ததைக் கையால் பார்த்து, கையால் பார்த்ததைக் காதால் பார்த்து, அதன் பிறகே பெட்டிக்குள் போக விட்ட பெருந்தகையே! குடியாத்தத்துத் தறிச் சத்தத்தில் பிறந்து, ஆம்பூர்த் தோல் வாசத்தில் தொழில் பயின்ற தூயவரே! சின்னச் சின்னச் சொற்களின் சொந்த ஊரைத் தேடிச் சென்ற செம்மலே! கோபம் கம்மியாகவும் குணம் ஜாஸ்தியாகவும் கொண்ட கோமானே! வணக்கம்.

"இன்னாத்துக்கும்மா இவ்ளோ பெரிய பெரிய வார்த்தைங்க?" என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். மடல் என்றால் நாலு அடைமொழியாவது இருந்தே தீர வேண்டும் என்று அடம் பிடித்தவர் உங்கள் தோஸ்த், கட்டிங் மாஸ்டர் தன்சீல் அகமது. அவருடைய பங்கு அதோடு முடிந்தது. மீதி எங்கள் பங்கு. அதைச் சின்னச் சொற்களிலேயே சொல்லிவிடுகிறோம்.

ஐயா, எங்கள் பிரிவின் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றன்றைக்குக் கண்ட குறைகளை எழுதுவதற்காக நிர்வாகம் மாட்டியது. அதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். காலைத் தேநீர் இடைவேளை மணி அடித்ததும் அந்தப் பாதியைத் துடைத்து, ஒரு சின்னச் சொல்லை எழுதி, அது எந்த மொழியில் பிறந்து எந்த வழியாக நம் வாய்க்கு வந்தது என்று நாலு வரி எழுதுவீர்கள். இரண்டு எழுத்து, மூன்று எழுத்துச் சொற்கள்தான். மிஞ்சிப் போனால் நான்கு. "பெரிய சொல்லு வீட்டோட கெடக்கும். சின்னச் சொல்லுதான் ஊர் சுத்தும்" என்பது உங்கள் வாதம்.

அந்த வழக்கம் தொடங்கியதே ஒரு சண்டையில்தான். கேன்டீனில் தன்சீல் மாஸ்டர் குவளையை உயர்த்தி, "இது டீ இல்ல மேரி, சாய்" என்றார். பினிஷிங் பிரிவின் ஆரோக்கியமேரி அக்கா விடவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் மாஸ்டர். நீங்க சொன்னா மட்டும் சக்கர ஜாஸ்தி ஆய்டுமா?" என்றார். நீங்கள் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வேலூர் நூலகத்துக்குப் போனீர்கள். திங்கட்கிழமை பலகையில் தீர்ப்பு இருந்தது. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் அந்த இலையைத் 'தே' என்றார்கள். அங்கே சரக்கேற்றிய டச்சுக் கப்பல்களோடு அந்தச் சொல் ஐரோப்பா போய், ஆங்கிலத்தில் 'டீ' ஆகி நம்மிடம் வந்தது. சீனத்தின் மற்ற பகுதிகளில் 'சா' என்றார்கள். அது தரை வழியே பாரசீகம் போய், 'சாய்' ஆகி, உருது வழியாக மாஸ்டரின் குவளையில் விழுந்தது. கப்பலில் வந்த சொல்லும் நடந்து வந்த சொல்லும் எங்கள் கேன்டீன் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. சண்டை போட்ட இருவரும் அன்று முதல் ஒரே மேசையில்தான் குடிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு எத்தனை சொற்கள்! சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை என்று நீங்கள் எழுதிய நாளில் மேரி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாரே, நினைவிருக்கிறதா? "அப்போ எங்க வூட்ல செவுரு மட்டும்தான் நம்பளுதா சார்?" நீங்கள் பெருமையோடு, "சுவர் நம்ப சொல்லுதாம்மா, கவலப்படாத" என்றீர்கள்.

'ஓகே' எழுதிய நாளில் வேலையே நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கச் செய்தித்தாள்காரர்கள், எல்லாம் சரி என்னும் ஆங்கிலத் தொடரை விளையாட்டுக்காக வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். அதிலிருந்து வந்ததே இந்தச் சொல் என்றீர்கள். நாங்களோ காலையிலிருந்து சோடி சோடியாக அந்தச் சொல் போட்ட ஸ்டிக்கரைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தோம். "தப்பா எழுதின ஒண்ணத்தான் சரின்னு ஒட்டி அனுப்புறோமா சார்?" என்று யாரோ கேட்க, மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பு.

காலணியை இழுத்துப் பொருத்தும் அச்சுக் காலுக்கு 'லாஸ்ட்' என்கிறோம். அது பழைய ஆங்கிலத்தில் காலடித் தடம் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்று நீங்கள் எழுதினீர்கள். அதுவரை வெறும் பிளாஸ்டிக் கட்டையாகத் தெரிந்ததை, அன்று அந்தப் பிரிவில் எல்லோரும் ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நடக்காத ஒரு காலின் தடத்தைத் தினமும் கையில் வைத்திருக்கிறோம் என்று தோன்றியதாம்.

இன்னொரு நாள் 'காக்கா' என்று எழுதினீர்கள். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: "சில சொற்களுக்கு ஊர் கிடையாது, சத்தம்தான் தாய்." அந்த வரிக்கு மறுபடி வருகிறோம். அதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் செக்கிங் மேசையின் விதியே உங்கள் பலகைக்கும் விதி. ஒருவர் பார்த்த சோடி இன்னொருவரும் பார்க்காமல் பெட்டிக்குப் போகாது. ஒரு சொல்லின் பிறப்புக்கும் இரண்டு சான்று இல்லாமல் நீங்கள் பலகையில் ஏற்றியதில்லை. ஒரே சான்று கிடைத்தால் எழுத மாட்டீர்கள். சான்றே கிடைக்காவிட்டால், "தெரியல. தேடுறேன்" என்பீர்கள். உயர்ந்த பதவியில் இருப்பவர் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல் அவ்வளவு சுலபமாக வருவதை நாங்கள் வேறு எங்கும் கேட்டதில்லை.

தேடித் தேடி எல்லாவற்றுக்கும் விடை எழுதினீர்கள். ஒன்றே ஒன்றைத் தவிர.

பலகையின் வலக் கீழ் மூலையில் 'டொக்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு, காலியாக விட்டிருக்கிறீர்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பலகையைத் துடைக்கும் உங்கள் துணி அந்த மூலையைத் தொட்டதில்லை.

இந்த அரங்கில் இருக்கும் விருந்தினர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் தொழிற்சாலையில் 'டொக்' என்றால் தேறியது, நம்பி அனுப்பலாம், இனி யாரும் சந்தேகப்பட வேண்டாம் என்று பொருள். "லோடு டொக் ஆச்சா?" என்று கேட்போம். கேன்டீன் சாம்பாரையும் டொக் என்போம். பேரணாம்பட்டு பஸ்ஸில், "பொண்ணு பாத்தாங்க, டொக் ஆய்டுச்சு" என்று ஒருவர் சொன்னதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தத்தில் விசைத்தறி வைத்திருக்கும் உங்கள் தம்பி விஷ்ணு, ஒரு லுங்கிக் கட்டைப் புரட்டிப் பார்த்து 'டொக்' என்று சொன்னபோது, நீங்கள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து, "இந்தச் சொல்லு உனக்கு எப்படிடா கெடச்சிது?" என்று கேட்டீர்களாம். "உங்க கம்பெனிக்காரங்க சொன்னதுதாண்ணா" என்றாராம் அவர்.

நீங்கள் பேரணாம்பட்டுக் கிளையில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அந்தச் சொல் இங்கே முளைத்திருந்தது. நீங்கள் விட்டுப்போகாத ஒரு சொல், உங்கள் மேசையிலேயே! அகராதிகளைப் புரட்டினீர்கள். ஹிந்தியில் தட்டுவதற்கு 'டோக்' என்று ஒரு சொல் இருப்பதைக் கண்டுபிடித்தீர்கள். ஆனால் அந்த நாட்களில் இங்கே ஹிந்தி பேசும் ஒருவரும் வேலைக்கு வந்திருக்கவில்லை, உருது பேசும் மாஸ்டரும் அது தம் வாயிலிருந்து வந்ததில்லை என்றார்; நீங்களே அதை அடித்துவிட்டீர்கள். ஒருவேளை இயந்திரத்தின் சத்தமோ என்று ஒரு வாரம் சாப்பாட்டு வேளையில் ஒவ்வொரு இயந்திரத்தின் பக்கத்திலும் போய் நின்றீர்கள். ஒன்று 'டப்' என்றது. இன்னொன்று 'சக்' என்றது. எதுவும் 'டொக்' என்று சொல்லவில்லை.

சென்ற மாதம், இந்த மடலை வாசிக்கும் நித்யஸ்ரீயை அழைத்துச் சாக்பீஸ் டப்பாவையும் நோட்டுகளையும் கொடுத்தீர்கள். அப்போது சொன்னீர்கள்: "எல்லாத்தையும் எழுதி வச்சிட்டேம்மா. அது ஒண்ணு மட்டும் என்னால முடியல. நான் போற அன்னைக்கு அந்த மூலையத் தொடச்சிடு. எனக்குத் தெரியாதத உன் தலையில வச்சிட்டுப் போகக் கூடாது." சொல்லிவிட்டு நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

நித்யஸ்ரீக்கு மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரிவாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினோம். கடைசியாக, கம்பெனி பஸ்ஸில் மேரி அக்காவிடம் கேட்டாள். அக்கா வெளியே பார்த்தபடி வந்தார். தம் நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது சாரு கைதான்டி" என்றார்.

ஐயா, இனி வருவது எங்கள் ஒப்புதல் வாக்குமூலம்.

ஹீல் கெட்டியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, உங்கள் வலது கை மோதிர விரலில் இருக்கும் செப்பு மோதிரத்தால் ஒரு தட்டுத் தட்டுவீர்கள். உள்ளே இடைவெளி இருந்தால் சத்தம் மாறிவிடும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை தட்டுகிறீர்கள். அது உங்களுக்குக் கேட்பதில்லை. மூச்சு விடும் சத்தம் யாருக்குக் கேட்கிறது? ஆனால் பினிஷிங் வரிசையில் அந்தக் காலத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பெண்களுக்கு அது நன்றாகக் கேட்டது. நீங்கள் தட்டிக்கொண்டே நெருங்கும்போது, முதலில் கேட்டவர் மெல்ல, "ஏய், டொக்கு வருது" என்பார். ஊர்க்கதை நின்றுவிடும். ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தச் சொல் பிறந்தபோது அது உங்களைக் கிண்டல் செய்யும் பெயர்.

பிறகு நீங்கள் பேரணாம்பட்டு போனீர்கள். உங்கள் இடத்துக்கு வந்தவர் கண்ணால் மட்டும் பார்த்தார். ஹீல் ஆடுகிறது என்று ஒரு லோடு அப்படியே திரும்பி வந்தது. பெட்டிகளையெல்லாம் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் அந்த நால்வரும், யாரும் சொல்லாமலேயே, ஒவ்வொரு சோடியையும் தட்டிப் பார்த்தார்கள். மோதிரம் இல்லாததால், தையல் மெஷினில் நூல் சுற்றும் பாபினால் தட்டினார்கள். ஒருவர், "டொக் பண்ணியா?" என்றார். மற்றவர், "டொக்" என்றார். அப்போது யாரும் சிரிக்கவில்லை. கிண்டலாகப் பிறந்த சொல் அன்று காலை வேலையில் சேர்ந்துவிட்டது.

நீங்கள் திரும்பி வந்து கேட்டபோது, "யாரோ சொன்னாங்க சார், தெரியல" என்று பொய் சொன்னார்கள். பெரியவரைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டோம் என்று அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? நால்வரில் மூவர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர் மேரி அக்கா ஒருவர்தான். பின்னால் வந்த நாங்கள் உங்கள் விரலைத் தினம் பார்த்தோம், அந்தச் சொல்லைத் தினம் சொன்னோம்; இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதை இங்கே சொல்லலாமா என்பதற்கே மூன்று நாள் விவாதம் நடந்தது. "இத்தினி வருசமா கேட்டாரு, வாயத் தொறக்கல. இப்போ போய்ச் சொன்னா இன்னா நெனப்பாரு?" என்று அக்கா அழுதார். "சொல்லாம வுட்டாத்தான் தப்பு மேரி. மனுசன் பேஜாராய்ட்டாரு. அந்தக் கோட்ட நிரப்பாம அவரு வூட்டுக்குப் போனா தூக்கம் வருமா?" என்றார் தன்சீல் மாஸ்டர். அக்கா கடைசியில் சம்மதித்தார். ஒரு நிபந்தனையோடு. வாசிக்கும்போது அவர் மேடையில் நிற்க வேண்டும், நித்யஸ்ரீக்குப் பின்னால் அல்ல, பக்கத்தில். இதோ நிற்கிறார்.

ஐயா, நாடு நாடாகச் சொற்களைத் தேடினீர்கள். சீனம், பாரசீகம், போர்ச்சுகல் என்று போய்ப் பார்த்தீர்கள். நீங்கள் போய்ப் பார்க்காத ஒரே இடம் உங்கள் வலது கை. காக்காவைப் போல் இந்தச் சொல்லுக்கும் சத்தம்தான் தாய். நம்பிக்கை என்பதற்கு எங்களுக்கு ஒரு சின்னச் சொல் தேவைப்பட்டபோது, அந்தக் கையைத்தான் எடுத்துக்கொண்டோம்.

உங்கள் வீட்டார் பூரணி அம்மாவோடும், ஏற்கெனவே வாங்கிக் குவித்திருக்கும் அகராதிகளோடும், அலாரம் வைக்காத காலைகளோடும் நெடுநாள் நீங்கள் நலமாக வாழ வேண்டும். கண் தெளிவாகவும், காது கூர்மையாகவும், விரல் உறுதியாகவும் இருக்க வேண்டும். இனி வரும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு டொக் ஆக இருக்க வேண்டும். இதைவிடப் பெரிய வாழ்த்து எங்கள் மொழியில் இல்லை.

நித்யஸ்ரீ அந்த மூலையைத் துடைக்கவில்லை. உங்கள் சொல்லை அவள் மீறியது இது ஒருமுறைதான். பலகையைக் கழற்றி இந்த மேடைக்கே கொண்டுவந்திருக்கிறோம். ஆனால் கோடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. இரண்டு சான்று வேண்டுமே! முதல் சான்று மேரி அக்கா. இரண்டாவதற்குப் பூரணி அம்மாவைக் கேட்கலாம் என்றார் மாஸ்டர். தேங்காயைக்கூட நீங்கள் தட்டித்தான் வாங்குவீர்களாம். வீட்டார் சாட்சி செல்லாது என்று நீங்கள் தள்ளிவிடுவீர்கள் என்பதால் விட்டுவிட்டோம்.

இரண்டாவது சான்று உங்கள் விரலில் இருக்கிறது. உங்கள் முன்னால் மேசையில் இன்று காலை முடித்த ஒரு சோடி வைத்திருக்கிறோம். யாரும் இன்னும் செக் பண்ணவில்லை. மேரி அக்கா சாக்பீஸோடு பலகை அருகில் நிற்பார். நாங்கள் வாசிப்பதை நிறுத்திக்கொள்கிறோம்; மின்விசிறிகளையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம்.

ஒருமுறை தட்டுங்கள், ஐயா. இந்த முறை நீங்களும் கேளுங்கள்.

உங்கள் மேசையிலிருந்து தேறிப் போன,
கட்டிங், தையல், பினிஷிங், பைனல் செக்கிங் பிரிவுகளின் பணியாளர்கள் அனைவரும்
ஆம்பூர்