கடற்கழுகுக்குக் கீழே

பென்சிலை ஊசிமுனைபோலக் கூராக்குவதற்குப் பொறுமை வேண்டும். என்னிடம் அது நிறைய உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். அதன்பிறகு ஊர்காவற்துறையில் மாமாவின் ஸ்ரூடியோவில், திரைக்குப் பின்னால் இருந்து படங்களைத் திருத்துவதுதான் என் வேலை. அங்கே யாரோடும் பேசத் தேவையில்லை.

நெகற்றிவ்வில் எல்லாம் மாறித் தெரியும். படத்தில் கறுப்பாக விழும் மறு, அதில் வெளிறிய புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளியைப் பென்சிலால் மெல்ல நிரப்பினால் படத்தில் மறு இராது. எத்தனையோ மணப்பெண்களின் அம்மைத் தழும்புகளை அப்படித்தான் எடுத்தேன். என் கன்னத்திலிருந்து கழுத்துவரை விளக்குத் தீ விட்டுப்போன தழும்பையும் ஒருமுறை எடுத்தேன். மாமா சொல்லித்தான் செய்தேன்.

மாமாவின் பெயர் சில்வெஸ்ரர். கல்யாணமும் ஞானஸ்நானமும் அவருக்குச் சோறு போட்டன. ஆசை மட்டும் கடற்கழுகின்மேல்; ஊரில் அதைப் பிராந்து என்பார்கள். நீண்ட லென்ஸைத் தூக்கிக்கொண்டு பருத்தியடைப்புக் கரையில் மணிக்கணக்காக நிற்பார். கழுகு சிறகை முழுதாக விரித்து, மீனுக்காகக் கீழே சரியும் கணம் அவருக்கு வேண்டும். பலமுறை வால் மட்டும் விழுந்தது. சிலமுறை வெறும் வானம். நான் கழுவிக் காயவைத்து மேசையில் வைப்பேன்.

அந்த வருடம் வாடைக்காற்று தொடங்கிய நாட்களில் அவருக்கு அது கிடைத்தது. காலையில் நெகற்றிவ்வை வெளிச்சத்தில் பிடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இறகு இறகாக எண்ணலாம். நகங்கள் விரிந்திருந்தன. கண்ணில் ஒரு புள்ளி வைத்தேன், படத்தில் அது வெளிச்சமாக வந்தது. கீழே மூலையில், எழுவைதீவுப் பக்கக் கடலில், ஒரு தூசி இருந்தது. அதையும் நிரப்பினேன். தூசியை நிரப்புவது என் வேலை.

பகலில் நான்கைந்து பேர் ஸ்ரூடியோவுக்கு வந்தார்கள். முதல்நாள் கடலுக்குப் போன சவிரிமுத்துவின் வள்ளம் திரும்பவில்லை. அவனோடு அவனுடைய பெரியப்பா பஸ்ரியாம்பிள்ளையும் போயிருந்தார்.

"சில்வெஸ்ரர் அண்ணை, நேற்றுப் பின்னேரம் நீங்கள் கரையிலை நிண்டனீங்களாம். அந்தப் பக்கம் ஏதும் கண்டனீங்களோ?"

"என்ரை கண் பிராந்திலை எல்லோ இருந்தது. ஆனால் படம் கிடக்கு. என்ரை கண்ணுக்குத் தப்பினாலும் கமராவுக்குத் தப்பாது."

"மனிசர் போனாலும் இவருக்குப் பிராந்துதான்," என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

மாமா ஈரம் காயாத படத்தைத் திரைக்கு வெளியே கொண்டுபோனார். பூதக்கண்ணாடியை வைத்துக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள். எழுவைதீவுப் பக்கம் சுத்தமாக இருந்தது. அப்படியென்றால் வாடை நெடுந்தீவுப் பக்கம்தான் இழுத்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். சவிரிமுத்துவின் தாய் சூசையம்மாவும் வந்திருந்தார். அவர்தான் படத்தை நெடுநேரம் வைத்திருந்தார்.

"வடிவான பறவை, தம்பி," என்று திருப்பிக் கொடுத்தார்.

எல்லா வள்ளங்களும் நெடுந்தீவுப் பக்கம் போயின.

எனக்குச் சவிரிமுத்துவோடு கோபம் ஏதும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முந்தின வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தான், அவ்வளவுதான். திருத்திய படத்தைத்தான் மாமா அவர்களுக்கு அனுப்பியிருந்தார். நான் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றபோது அவன் என்னையும் கையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"படத்திலை இருக்கிற பிள்ளை எங்கை? நீர் அவவின்ரை அக்காவோ?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்ரியாம்பிள்ளை மட்டும், "வாயைப் பொத்தடா," என்றார். எல்லோரும் எழும்பிய பிறகும் இருந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். "நல்ல சாயம், பிள்ளை," என்று கோப்பையை என் கையிலேயே தந்தார். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. பிறகு சந்தையில் பெண்கள் என்னைக் காட்டி, "படத்துப் பிள்ளையின்ரை அக்கா போறா," என்று சொல்லிக்கொண்டார்கள். அதுவும் பழகிவிட்டது.

தூசி என்று சொன்னேன். தூசி அல்ல, கவிழ்ந்த வள்ளம். பூதக்கண்ணாடியில் அடிப்பாகம் தெரிந்தது. அதன்மேல் இரண்டு பேர் இருந்தார்கள். ஆட்கள் வந்து கேட்பதற்கு முன்பே நிரப்பிவிட்டேன் என்பது உண்மைதான். ஆனால் கோயில் மணி அதற்கும் முதலே அடித்துவிட்டது. வள்ளம் ஒன்று வரவில்லை, யாருடைய வள்ளம் என்று அம்மா காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பென்சில் வேலை அழியாதது அல்ல. மருந்து தொட்ட பஞ்சால் ஒருமுறை ஒற்றினால் போய்விடும். அவர்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பஞ்சு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் திரையை நீக்கிக்கொண்டு அத்தனை ஆண்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எனக்குக் கூச்சம். கூச்சம் குற்றமா என்று உங்களைத்தான் கேட்கிறேன்.

வள்ளம் பிறகு எழுவைதீவுக் கரையில் ஒதுங்கியது. பஸ்ரியாம்பிள்ளை அதில் இருந்தார். தன்னைக் கயிற்றால் அடிமரத்தோடு கட்டியிருந்தார். கட்டியவர் அதன்பிறகு எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார் என்பதை ஆட்கள் அவரவர் கணக்கில் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சவிரிமுத்து கிடைக்கவில்லை.

படம் கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்கியது. இப்போது ஸ்ரூடியோச் சுவரில் தொங்குகிறது. மாமா வருகிறவர்களுக்கெல்லாம், இதில் ஒரு மறு காட்டுங்கோ பாப்பம் என்பார். ஒருவராலும் ஏலவில்லை. சூசையம்மா சிலவேளை வந்து அதன்முன் நிற்பார். மகன் கடலுக்குப் போன அன்றைய கடல் அது என்பார். நான் கதிரை கொண்டுவந்து போடுவேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஆகவே மீதியையும் சொல்லிவிடுகிறேன். கவிழ்ந்த வள்ளத்தின்மேல் முன்னால் இருந்தவன் உயரமானவன், குனிந்திருந்தான். பின்னால் இருந்தவர் முதுகு வளைந்தவர், சால்வையை அவிழ்த்துக் கரையை நோக்கி உயர்த்திப் பிடித்திருந்தார். அந்தக் கையைத்தான் முதலில் நிரப்பினேன். கை போனபிறகு பார்த்தால், இரண்டு பேர் கடலில் சும்மா காற்று வாங்கிக்கொண்டு இருப்பதுபோலத்தான் இருந்தது.